தினமும் நாலஞ்சு தடவை முகம் கழுவியும் பரு வருதே, ஏன்?

உங்ககிட்டயும் யாரோ "முகத்த சுத்தமா வெச்சுக்கோ"ன்னு சொல்லிருக்காங்கன்னு நினைக்கிறேன். எனக்கு 16 வயசுலேருந்து அத சொல்லாத ஆளே இல்ல.

அழுக்குக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லங்க. வயசுக்கு வர்ற சமயத்துல ஆண்ட்ரோஜன் ஹார்மோன் ஏறும், பொண்ணுங்களுக்கும் ஏறும், அதுல தோலுக்குள்ள எண்ணெய் ஜாஸ்தியா சுரக்கும், செத்த செல்லு சேந்து மயிர்க்கால அடைச்சுக்கும், உள்ள தேங்குற எண்ணெயில பாக்டீரியா பெருகி வீங்கிடும். மேல எத்தன தடவை சோப்பு போட்டாலும் அங்க போகாது, தோல் காஞ்சு எரியறதுதான் மிச்சம். ரெண்டு தடவை போதும்.

நான் 19 வயசுல டாக்டர்கிட்ட போகாம மருந்துக்கடையில கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன். நாலே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு, அந்த சந்தோஷத்துல எட்டு மாசம் விடாம போட்டேன். அப்புறம் ஒருநாள் போடலன்னா கூட முகம் செவந்து எரியும், கன்னம் பூரா ஒரே அளவுல குட்டிக்குட்டியா பொரிஞ்சிடும். ஸ்கின் டாக்டர் முகத்த பாத்துட்டு ட்யூப வாங்கி திருப்பினாங்க, பின்னாடி பொடி எழுத்துல இருந்த 'மொமெட்டசோன்'ங்குற பேர நகத்தால தொட்டு, "இது ஸ்டீராய்டும்மா"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அத நிறுத்த வெச்சு, கொஞ்சம் அடங்கினதும் ராத்திரிக்கு அடாபலீன், காலையில 2.5% பென்சாயில் பெராக்சைடுன்னு பருவுக்கு தடவுற ரெண்டு மருந்து குடுத்தாங்க. அடாபலீன் பரு மேல மட்டும் வைக்கக்கூடாது, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க தடவணும். மொத மூணு வாரம் தோல் உரிஞ்சு இன்னும் மோசமாதான் இருந்துச்சு, நல்லா தெரிய 12 வாரம் ஆச்சு. பென்சாயில் துணிய வெளுத்துடும், என் நீலக் கலர் தலகாணி உறையில இன்னும் திட்டு திட்டா இருக்கு.

"எனக்கு அதே ஸ்டீராய்டு க்ரீம் நல்லா கேட்டுச்சே"ன்னு சில பேர் வருவீங்க, கேக்கத்தான் செய்யும், நிறுத்தினா தெரியும். நான் டாக்டர் இல்ல, பட்டத சொல்றேன். கர்ப்பமா இருக்கவங்க அடாபலீன் கூட போடக்கூடாது, பருவுக்கு குடுக்குற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைய யாருமே சொந்தமா வாங்கி சாப்பிடாதீங்க, கர்ப்பத்துல அது குழந்தைய கடுமையா பாதிக்கும்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா சொல்லியே ஆகணும். காலேஜ் கடைசி வருஷ க்ரூப் போட்டோவுல போட்டோகிராபர் என்னைக் கேக்காமலே என் முகத்துல இருந்த பரு, தழும்பு எல்லாத்தையும் வழவழன்னு அழிச்சிருந்தார். மத்தவங்க முகம் அப்படியே இருக்கு. அந்த போட்டோவ இன்னைக்கு வரைக்கும் வீட்டுல மாட்ட விடல.