பின்லாந்தில் ஒரு பயிற்சி ஆசிரியை: வாசகர் கேள்வி பதில்

பின்லாந்தின் யூவாஸ்கூலா நகரில் கல்வியியல் முதுகலை படித்துக்கொண்டே, பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வகுப்பும் எடுக்கும் நம் வாசகி இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் பி.எட். மாணவி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பாடக்குறிப்பு எழுதுவதிலேயே போய்விடுகிறது. உங்களுக்கு லீவு நாள் எப்படிப் போகிறது? (தஞ்சாவூர் வாசகி)

லீவு நாளை லீவாகவே விட வேண்டும் என்பதை இங்கே வந்துதான் பழகினேன். பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் முடித்து வழிகாட்டி ஆசிரியருக்கு அனுப்பிவிடுவேன், ஞாயிறன்று அவரும் எதையும் கேட்க மாட்டார். சனிக்கிழமை துணி துவைப்பது, காய் வாங்குவது, சமையல் என்று ஓடிவிடும். நாங்கள் இருக்கும் மாணவர் குடியிருப்பில் துவைக்கும் மெஷினுக்கும் நேரம் குறிக்க வேண்டும், சவுனாவுக்கும் குறிக்க வேண்டும். சவுனா என்றால் சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி அந்த ஆவியில் உட்கார்ந்திருப்பது. சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சம் சவுனாவாவது இருக்கும் என்கிறார்கள். முதல் தடவை மூச்சு முட்டும், அப்புறம் அது இல்லாமல் வாரம் முடிந்த மாதிரியே இருக்காது.

ஞாயிறு என்றால் வெளியேதான். ஊருக்கு நடுவிலேயே யூவாஸ்யார்வி ஏரி. குளிர்காலத்தில் அது உறைந்ததும் பனியை ஒதுக்கிச் சறுக்குப் பாதை போடுவார்கள், குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் ஒன்றாகச் சறுக்குவார்கள். ஆகஸ்டில் காட்டுக்குப் போய் புளூபெர்ரி பறிப்போம். காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், வீட்டு முற்றத்தை விட்டுத் தள்ளி, யார் வேண்டுமானாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம்; இங்கே அது எல்லோருக்கும் உள்ள உரிமை. விரல் நுனியெல்லாம் ஊதாவாகி, திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் என் கையைப் பார்த்து எந்தப் பக்கத்துக் காடு என்று விசாரிப்பார்கள்.

டிசம்பர் மட்டும் கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டில் திரும்புவோம். நம் ஊர் நேரம் அப்போது மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நான் ஓய்வாக உட்காரும்போது அம்மா தூங்கப் போயிருப்பார். அதனால் ஞாயிறு காலையை அவருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளியில் ஒரு நாள் எப்படி இருக்கும்? பிள்ளைகளுக்குப் பாடச் சுமை குறைவு என்கிறார்களே, உண்மையா? (ஈரோடு ஆசிரியர்)

சுமை குறைவு என்பதைவிட, இடைவெளி அதிகம் என்று சொல்வேன் சார். பொதுவாக 45 நிமிடம் பாடம், அப்புறம் 15 நிமிடம் வெளியே. பனி கொட்டினாலும் வெளியேதான், கடுங்குளிர் நாட்களில் மட்டும் உள்ளே இருப்பார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமான பனிச்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். திரும்பி வந்ததும் ஈரக் கையுறைகளை உலர்த்தும் அலமாரியில் வைத்துவிட்டு சாக்ஸ் காலோடு வகுப்புக்குள் வருவார்கள். விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கவனம் எப்படித் திரும்புகிறது என்பதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். நம் பள்ளிகளில் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதை நினைத்தால் இப்போது மனசு வலிக்கிறது.

மதியச் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம், ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். 1943இல் சட்டம் போட்டு 1948க்குள் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். மதிய உணவின் அருமை நம் மாநிலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியாழக்கிழமை பல பள்ளிகளில் பட்டாணி சூப். மரவேலை, தையல் இரண்டும் பையன்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. கைவேலையைப் பாடமாக்க முன்னின்றவர் உனோ சிக்னேயுஸ். பின்னிய மொழி (Finnish) வழியில் நடந்த முதல் ஆசிரியர் பயிற்சிக் கூடத்தை 1863இல் இதே ஊரில் தொடங்கி நடத்தியவரும் அவர்தான்.

நான் வகுப்பெடுக்கும்போது வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முடிந்ததும் மார்க் போட மாட்டார். "இன்று யார் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். பாடம் எடுப்பது ஒருபக்கம் இருக்கட்டும், பிள்ளைகளைப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி என்று நினைக்கிறேன்.

கேள்வி: மாணவர்கள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாமே? மரியாதை போய்விடாதா? (நாகர்கோவில்)

பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மரியாதை எங்கேயும் போகவில்லை. நான் பேசும்போது கேட்கிறார்கள், புரியாவிட்டால் பயமில்லாமல் கையைத் தூக்குகிறார்கள். எனக்கு அது போதும்.

கேள்வி: என் மகளை ஆசிரியர் படிப்புக்கு அங்கே அனுப்ப ஆசை. செலவு, வேலை பற்றிச் சொல்லுங்கள். (மதுரை)

2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஆங்கில வழியில் பட்டம் படிக்க வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. உதவித்தொகையும் உண்டு, சேர்க்கை விண்ணப்பத்தோடே அதையும் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் ஆங்கிலத்தில் கல்வியியல் படித்துவிட்டால் மட்டும் இங்கே வகுப்பாசிரியராகிவிட முடியாது. அதற்குரிய தகுதியோடு முதுகலைப் பட்டம் வேண்டும், பின்னிய மொழியோ ஸ்வீடிஷோ நன்றாகத் தெரிய வேண்டும். சிலர் இதைச் சொல்லாமலே பிள்ளைகளை அனுப்பி வைக்கிறார்கள், அது தப்பு. மகளுக்கு உண்மையிலேயே விருப்பம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே மொழியைத் தொடங்கட்டும், இணையத்தில் இலவச வகுப்புகள் கிடைக்கின்றன. சாப்பாட்டுக்கு ரொம்பக் கவலை வேண்டாம். மாணவர் அட்டையைக் காட்டினால் பல்கலைக்கழக உணவகத்தில் ஏறக்குறைய மூன்று யூரோவுக்கு மதியச் சாப்பாடு கிடைக்கும். சாம்பார்ப் பொடி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.