தலையில் அடிபட்ட மகள் ஞாயிற்றுக்கிழமை கபடி ஆடலாமா?

ஆடக் கூடாது. கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது ரெய்டரின் முழங்கால் நெற்றிப்பொட்டில் மோதி நான்கு நாளாகியும் தலைவலி தீரவில்லை என்கிறீர்கள், சி.டி. ஸ்கேன் சரியாக இருக்கிறதே என்று பயிற்சியாளர் சொல்வதை நம்பி மகளைக் களத்தில் இறக்காதீர்கள்.

பெரும்பாலும் இது மூளையதிர்வு. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமே தவிர, அதிர்வால் மூளையின் செயல்பாட்டில் வரும் தடுமாற்றம் அதில் தெரியாது. பெண்களுக்கு இந்த அறிகுறிகள் ஆண்களைவிடக் கூடுதல் நாள் நீடிப்பதும் உண்டு. அதனால் அவள் மிகைப்படுத்துகிறாள் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். இருபது நிமிடம் பாடம் படிக்கட்டும், பிறகு சற்று நடக்கட்டும். வலியோ கிறுகிறுப்போ கூடினால் மூளை இன்னும் ஆறவில்லை. கூடாவிட்டாலும் மெல்லோட்டம், உடல் மோதாத பயிற்சி என ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே பிடிப் பயிற்சியும் அதன்பின் போட்டியும். வலி மாத்திரை கொடுத்துவிட்டு இதைச் சோதிக்க வேண்டாம். மாத்திரை அறிகுறியை மறைத்துவிடும்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் தெளியாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், முந்தைய ஸ்கேனைப் பொருட்படுத்தாமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.