பெடலில் உராய்வு எதற்கு?

அன்புள்ள ஐயா,

கல்லூரி புராஜெக்டுக்காக எலெக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் பெடல் ஒன்று செய்கிறோம். கேபிள் கிடையாது, சென்சாரும் இரண்டு ஸ்பிரிங்கும்தான். மிதித்தால் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. உராய்வு சேர்க்கச் சொல்கிறார் எங்கள் பேராசிரியர். உராய்வைக் குறைக்கத்தானே இத்தனை நாள் படித்தோம்? கீல் போல்ட்டில் ஒரு வாஷர் போட்டு இறுக்கினால் போதுமா?

– மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்

அன்புள்ள தம்பிக்கு,

பேராசிரியர் சொல்வது சரி. பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் கேபிள் தன் உறைக்குள் உரசிக்கொண்டேதான் நகரும். காலுக்குப் பிடிமானம் தந்தது அந்த உரசல். கேபிளை எடுத்தபோது அதுவும் போய்விட்டது.

ஸ்பிரிங் இரண்டரைக் கிலோ விசையோடு காலைத் தள்ளுகிறது, உராய்வு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ கொடுத்தால்தான் பெடல் இறங்கும். மேலே வருவதற்கு உங்கள் அழுத்தம் இரண்டு கிலோவுக்குக் கீழே போக வேண்டும். இடையில் உள்ள ஒரு கிலோவுக்குள் கால் கூடக்குறைய அழுத்தினாலும் பெடல் அசையாது. குண்டும் குழியுமான ரோட்டில் கால் துள்ளினாலும் வண்டி வெட்டி வெட்டி இழுக்காது.

ஆனால் போல்ட்டை இறுக்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டு ஸ்பிரிங் போடுவதே, ஒன்று உடைந்தால் மற்றது பெடலை மேலே கொண்டுவரத்தான். போல்ட் தரும் உராய்வோ ஸ்பிரிங் உடைந்தாலும் குறையாது. மிச்சமிருக்கும் ஸ்பிரிங் திணறும். அதனால் உராய்வை ஸ்பிரிங்கிடமிருந்தே வாங்குங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனை சின்னக் கட்டை ஒன்றை வளைவான பரப்பின் மேல் அழுத்தட்டும். மிதிக்க மிதிக்க உராய்வு கூடும், ஸ்பிரிங் தளர்ந்தால் அதுவும் தளரும்.

அப்புறம், கட்டைக்கு என்ன பொருள் என்பதில் அவசரப்படாதீர்கள். நான் முதலில் செய்த மாதிரியை ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் மிதித்தால், முதல் மிதி மட்டும் பிடித்து நின்று 'கடக்' என்று விடும். நிலை உராய்வுக்கும் (அசையத் தொடங்கும் முன் தடுப்பது) இயங்கு உராய்வுக்கும் (நகரும்போது தடுப்பது) வித்தியாசம் அதிகமானால் இப்படித்தான்.

2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் உராய்வு விவகாரம்தான். பெடலுக்குள் இருந்த உராய்வுப் பாகம் தேய்ந்து, ஈரமும் சேர்ந்து, பிடித்துக்கொண்டது. சில பெடல்கள் மெதுவாகத் திரும்பின, சில பாதியில் நின்றன. சின்ன எஃகுத் துண்டு ஒன்றைச் செருகிச் சரிசெய்தார்கள்.

உங்கள் பெடலை ஈரத்திலும் தூசியிலும் வைத்து, ஆயிரக்கணக்கான தடவை மிதித்துப் பாருங்கள். ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டும் பாருங்கள். ஸ்பிரிங் தராசு வைத்து, இறங்கும்போது எவ்வளவு, ஏறும்போது எவ்வளவு என்று இரண்டு கோடாக வரைந்து அனுப்புங்கள். நானும் பார்க்கிறேன்.