தோற்பது எப்படி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

முழுப் பரீட்சை லீவு வரப்போகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றித்தான். நீளமானவற்றை வெட்டித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி (கிருஷ்ணகிரி): சார், வீட்டில் 8 வயதுப் பெண், 12 வயதுப் பையன். தாயம், லூடோ எது ஆடினாலும் அழுகையில்தான் முடிகிறது. எல்லோரும் ஒரே அணியாக ஆடலாம் என்றார்களே என்று பேண்டமிக் என்ற பலகை விளையாட்டை வாங்கினோம். நோய் பரவிக்கொண்டே போவதைப் பார்த்துப் பெண் பயந்து எழுந்து போய்விட்டாள். சேர்ந்து எதையாவது கட்டுகிற மாதிரி விளையாட்டே கிடையாதா?

பதில்: இருக்கிறது, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும். பேண்டமிக் 2008-இல் வந்தது, மேட் லீகாக் வடிவமைத்தது. வரைபடத்தில் 48 நகரங்கள், நம் சென்னையும் அதில் உண்டு. ஜெயிக்க ஒரே வழிதான், தோற்க மூன்று வழி. அது பெரிய வெற்றி பெற்றதும், பின்னால் வந்த கூட்டு விளையாட்டுகளில் பல அதே தடத்தில் போய்விட்டன. அவரே 2010-இல் கொண்டுவந்த ஃபர்பிடன் ஐலண்டில் தீவு உங்கள் காலடியில் மூழ்கிக்கொண்டிருக்கும். எதிரே ஆள் இல்லாத ஆட்டத்தில் விறுவிறுப்பு வர எதையாவது எதிரியாக வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் சீட்டுக்கட்டையே எதிரியாக்கிவிடுகிறார்கள். இரண்டுமே நல்ல விளையாட்டுகள், ஆனால் உங்கள் பெண்ணுக்கு இப்போது அது வேண்டாம். அதனால் கடையில் ‘இது கோ-ஆப்பா?’, அதாவது கூட்டு விளையாட்டா என்று கேட்டால் போதாது. ‘இதில் தோற்பது எப்படி?’ என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லையென்றால், பல பதிப்பாளர்கள் விதிப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், ஆட்டம் முடியும் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது டோர்ஃப்ரொமான்டிக். கணினி விளையாட்டாக இருந்ததைப் பலகை விளையாட்டாக்கினார்கள், 2023-இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருது வாங்கியது. அறுகோணத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காடு, வயல், ஊர், ஓடை, ரயில் பாதை என்று ஒரு நிலப்பரப்பைச் சேர்ந்து வளர்க்க வேண்டும். சில துண்டுகளில் எண் போட்ட வில்லை வைப்பார்கள், காட்டை அந்த எண்ணுக்கு வளர்த்தால் புள்ளி. துண்டு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது, புள்ளியை எண்ணி எழுதி வைத்து அடுத்த முறை அதைத் தாண்டப் பார்க்கலாம். யாரும் துரத்த மாட்டார்கள், எதுவும் மூழ்காது. போன தீபாவளிக்கு என் தங்கை மகள் ஓடைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ‘மாமா, இதை இங்கே வைத்தால் உங்கள் வயல் அடைபட்டுவிடுமே’ என்று கால் மணி நேரம் யோசித்தாள். அதுவரை எந்த விளையாட்டிலும் அவள் அடுத்தவருக்காக யோசித்து நான் பார்த்ததில்லை.

கையால் கட்டுவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றால் மெனாரா. நிறத் தூண்களை அதே நிற வட்டத்தில் நிறுத்தி, மேலே தளம் போட்டு, இன்னும் மேலே கட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டடம் சரிந்தால் தோல்வி. 12 வயதுப் பையன் விட மாட்டான்.

பிட்வீன் டூ சிட்டீஸ் என்று ஒன்றையும் பலர் பரிந்துரைப்பார்கள். இடப்பக்கம் இருப்பவரோடு ஒரு நகரம், வலப்பக்கம் இருப்பவரோடு இன்னொன்று என்று சேர்ந்து கட்டுவது அருமையாகத்தான் இருக்கும், ஆனால் கடைசியில் ஜெயிப்பவர் ஒருவர். உங்கள் வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

கேள்வி (ஓசூர்): வெளிநாட்டுப் பெட்டி ஒன்றைத் தள்ளுபடியில் 4,200 ரூபாய்க்கு எடுத்தேன். பிரித்தால் அட்டை முழுக்க ஜெர்மன். ஏமாற்றிவிட்டார்கள்தானே?

பதில்: விற்பனைப் பக்கத்திலேயே ‘ஜெர்மன் பதிப்பு’ என்று எழுதியிருந்ததாக நீங்களே கடிதத்தில் சொல்கிறீர்கள். இல்லை, ஏமாற்றவில்லை.

கேள்வி (அரூர்): அணியாக ஆடினால் என் மச்சானே எல்லோருக்கும் நகர்வு சொல்லிவிடுகிறார். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

பதில்: ஹனாபி வாங்குங்கள். ஐந்து நிறத்தில் வாணவேடிக்கையை 1 முதல் 5 வரை வரிசையாகக் கட்டும் சீட்டு விளையாட்டு, டோர்ஃப்ரொமான்டிக் வாங்கிய அதே ஜெர்மன் விருதை 2013-இல் வாங்கியது. அவரவர் சீட்டை அவரவர் பார்க்கக் கூடாது, முகத்தை மற்றவர்கள் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். பேச்சுக்கும் கணக்கு உண்டு, குறிப்புச் சொல்ல எட்டு வில்லைகள்தான். மூன்று தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தது, ஆனால் அது நம் தப்பு, வெளியிலிருந்து வரும் ஆபத்தில்லை. தன் கையில் இருப்பதே தெரியாதபோது உங்கள் மச்சானும் மற்றவர்களை நம்பித்தான் ஆக வேண்டும்.

போலியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். இணையத்தில் மலிவாகப் பார்த்து நான் ஒன்று வாங்கினேன். மொத்தம் 50 சீட்டு, எண்ணிக்கை சரியாக இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில்தான் டியூப்லைட் வெளிச்சத்தில் கவனித்தோம், சிவப்புச் சீட்டுகளின் முதுகு மற்றவற்றைவிட ஒரு சாயல் கருப்பு. தன் சீட்டின் முதுகை மட்டுமே பார்த்து ஆடும் விளையாட்டில் முதுகே நிறத்தைச் சொல்லிவிட்டால் ஆட்டமே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., எந்த நாட்டில் செய்தது, எதுவுமே இல்லை. இறக்குமதிப் பெட்டியில் இவை சட்டப்படி இருந்தாக வேண்டும். இதையெல்லாம் வந்த அன்றே பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கேள்வி (பாலக்கோடு): தர்மபுரியில் ஒரு கடையில் மகனுக்கு மரக்கட்டை கோபுர விளையாட்டு வாங்கினேன், 850 ரூபாய். பாதிக் கட்டைகள் வளைந்திருக்கின்றன, மூன்று வரிசைக்கு மேல் நிற்கவில்லை. மறுநாளே கொண்டுபோனேன். ‘ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருக்கும் வரியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நான் கூலி வேலை செய்பவன்.

பதில்: அண்ணா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த வரியைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரக் கடையில், செருப்புக் கடையில், பொம்மைக் கடையில் என்று பில் புத்தகம் அடிக்கும்போதே சேர்த்து அடித்துவிடுகிறார்கள், அது ஏதோ சட்டம் மாதிரி நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது வேறு. குறையுள்ள பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பிரிவு 2(47)-இல் இருக்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. அந்த வரியை அச்சடித்துவிட்டதால் குறையுள்ள பொருளை விற்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. அப்புறம், இது குறையுள்ள பொருளுக்குத்தான், வீட்டுக்குப் போனதும் நிறம் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: பில்லைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டைகளைச் சமதளத்தில் வைத்து இடைவெளி தெரியும்படி படம் எடுங்கள். கடைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்துக் கேளுங்கள். தரவில்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 850 ரூபாய்க்கா என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள், அது உங்கள் இரண்டு நாள் உழைப்பாகக்கூட இருக்கலாம். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): பொம்மைப் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

கேள்வி (பென்னாகரம்): ஆயிரக்கணக்கில் செலவு பண்ண முடியாது. சேர்ந்து கட்டும் விளையாட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: முடியும் அம்மா. வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள், அந்த அட்டை நல்ல கனம். காம்பஸில் 3 செ.மீ. வைத்து வட்டம் போட்டு, அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஆறு முறை குறித்துக்கொண்டு வந்தால் அறுகோணம் கிடைத்துவிடும். நாற்பது துண்டு வெட்டுங்கள். ஏரி, மாந்தோப்பு, தென்னை, வீடு, ரோடு என்று பிள்ளைகளே வரையட்டும். ரோடு ரோட்டோடுதான் சேர வேண்டும், தண்ணீர் தண்ணீரோடு. ஐந்து துண்டில் ஒரு ஏரி முடிந்தால் ஐந்து புள்ளி, தோப்புக்கும் அப்படியே. மொத்தத்தை நோட்டில் எழுதி, மறுநாள் அதை மிஞ்சப் பாருங்கள். பிள்ளையார் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள், வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் வருத்தப்படுவார்கள்.