டச்சஸுக்குப் புதுப் பெயின்ட் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

லிவர்பூலில் வசிக்கிறேன். ஞாயிறு சந்தையில் பழைய ஹார்ன்பி டப்ளோ பொம்மை ரயில் எஞ்சின் ஒன்றும் கொஞ்சம் தண்டவாளமும் 40 பவுண்டுக்குக் கிடைத்தன. சிவப்பு நிறம், பெயர் டச்சஸ் ஆஃப் அத்தால், எண் 6231. பெயின்ட் ஆங்காங்கே உதிர்ந்திருக்கிறது. கரன்ட் கொடுத்தால் உறுமுகிறது, சூடாகிறது, ஒரு அடி நகர்ந்து நின்றுவிடுகிறது. பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடித்து, வேறு மோட்டார் வைத்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

பெயின்ட்டை உரிக்கும் திரவம் ஏதாவது வாங்கியிருந்தால் முதலில் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் எஞ்சின் பிறந்ததே உங்கள் ஊரில்தான், பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலையில். போருக்கு முன்பே திட்டமிட்டது, விற்பனைக்கு வந்தது 1947இல். 1953இல் சிவப்பு போய், பச்சை நிற டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ் வந்துவிட்டது. எழுபது வயது தாண்டிய பெயின்ட் அது. நான் முதலில் வாங்கியதைச் சுரண்டினேன். சிவப்பு நன்றாகவே வந்தது. ஆனால் அந்த மெல்லிய கோடுகளும் எண்ணும் ஒட்டுப்படங்கள், சிவப்போடு சேர்ந்து போய்விட்டன. புதிதாக வாங்கி ஒட்டியதில் 6231 ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இன்றும் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். உடம்பை மென்மையான சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், போதும்.

மோட்டாரையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் உறுமலுக்கும் சூட்டுக்கும் இரண்டு பேர் மேல் சந்தேகம். முதல் ஆள் கம்யூட்டேட்டர். சுழலும் அச்சில் மூன்று செம்புத் துண்டுகள், நடுவே மெல்லிய பிளவுகள். அந்தத் துண்டுகளை உரசிக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்த தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து கருப்பு மெழுகுபோல் அந்தப் பிளவை அடைத்துவிடும், கரன்ட் குறுக்கே பாயும். பல்குத்தும் குச்சியால் பிளவைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் செம்பு மின்னும்வரை துடையுங்கள். (அந்த ஆல்கஹால் சிவப்பின் மேல் பட்டுவிடக் கூடாது.) பிரஷ் கட்டையாகத் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். எண்ணெய் அச்சின் முனைகளுக்கு மட்டும், ஊசி நுனியால் ஒரு சொட்டு. நிறைய விட்டால் மறுபடியும் அதே மெழுகு.

அப்படியும் சூடானால் இரண்டாம் ஆள், மோட்டாருக்குள் இருக்கும் காந்தம், வலுவிழந்திருக்கும். காந்தம் சோர்ந்தால் மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும், வேலை மட்டும் குறையும். ஆர்வத்தில் காந்தத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிடாதீர்கள். இரும்புத் துருவங்களை விட்டுப் பிரிந்தால் மிச்சமிருப்பதும் குறையும். மோட்டாரோடு அப்படியே கொண்டுபோனால் மறுபடி காந்தமேற்றித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. இது நடுவில் மூன்றாவது தண்டவாளம் உள்ள காலத்து எஞ்சின். இருபக்கச் சக்கரங்களுக்கும் இடையே மின்காப்பு கிடையாது. நண்பர் வீட்டில் நடுத் தண்டவாளம் இல்லாத இப்போதைய பாதையில் வைத்துப் பார்த்தால் இரு பக்கத் தண்டவாளங்களும் சக்கரம் வழியே இணைந்து உடனே ஷார்ட்தான்.

காந்தமேற்றி வந்தபின் முன்னே போகச் சொன்னால் டச்சஸ் பின்னே போகலாம். பயப்படாதீர்கள், துருவம் மாற்றி ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். எந்தப் பக்கம் ஓடியது என்று எழுதுங்கள்.