போர்ட் டிக்சனுக்குப் போகலாமா?

கேள்வி: சிரம்பானில் வசிக்கும் என் நாத்தனார், நாங்கள் மலேசியா செல்லும்போது போர்ட் டிக்சன் கடற்கரையில் இரண்டு நாள் தங்கலாம் என்கிறார். லங்காவித் தீவை விட்டுவிட்டு அங்கே போவது சரியா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: லங்காவியின் அழகை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். மலாக்கா நீரிணையின் கரையிலுள்ள இவ்வூரில் தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் சரக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரிலும், சிரம்பானிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரிலும் இருப்பதால், நம் மாவட்டத்தார் ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு ஏறுவதுபோல, அங்குள்ள மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையும் பாயுமாக இங்கே வந்து சேர்கின்றன. தெலுக் கெமாங் கடற்கரையில் மரநிழலில் பாய் விரித்துப் பாட்டி காவலிருக்க, பிள்ளைகள் உடுத்திய உடையோடே கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். மலேசியர்கள் எப்படி விடுமுறையைக் கழிக்கிறார்கள் என்பதை லங்காவியைவிட இங்கேதான் நன்றாக அறியலாம் என்பது என் எண்ணம்.

தஞ்சோங் துவான் முனையைத் தவறவிடாதீர்கள். நெகிரி செம்பிலான் மாநிலம் சூழ்ந்திருந்தும் நிர்வாகத்தில் மலாக்காவுக்கு உரிய அந்தக் காட்டுப்பகுதியில் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து கடல் கடந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் அதன்மேல் கூட்டமாகப் பறக்கும்.

வார இறுதியையும் அங்குள்ள பள்ளி விடுமுறையையும் தவிர்த்தால் கூட்டமும் அறை வாடகையும் குறையும்.