செம்பருத்திக்கு அவசரம் வேண்டாம்: பூ எம்பிராய்டரி கேள்வி பதில்

மயிலாப்பூர்: அக்கா, எனக்கு பட்டன் தைக்கத்தான் தெரியும். மாடித் தொட்டியில் செம்பருத்தி அழகாகப் பூத்திருக்கிறது. அதையே முதலில் போடலாமா?

கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். செம்பருத்தி இதழ் அகலம், அதை நிரப்ப, நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போடும் லாங் அண்ட் ஷார்ட் தையல் வேண்டும். கை பழகாமல் அதில் இறங்கினால் பாதியிலேயே துணியைச் சுருட்டி வைத்துவிடுவீர்கள். இதழ் எண்ணிக்கை குறைவாகவும், ஒரு இதழ் ஒரே தையலில் முடிவதாகவும் இருக்கும் பூதான் முதல் பூ. அந்தக் கணக்குக்கு நித்தியகல்யாணியை மிஞ்ச ஆளில்லை. ஐந்து இதழ், நடுவில் ஒரு கண், அவ்வளவுதான்.

ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போடுங்கள். நடுவில் மிளகு அளவுக்கு இன்னொரு வட்டம். வெளிவட்டத்தில் ஐந்து புள்ளி வையுங்கள்: ஆள் கை காலை விரித்து நிற்பதுபோல உச்சியில் ஒன்று, கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு. புள்ளி வைக்காமல் கண் மதிப்பில் போட்டால் கடைசி இதழுக்கு இடம் இருக்காது.

இதழுக்கு லேசி டெய்சி என்ற வளையத் தையல். சின்ன வட்டத்தின் ஓரத்தில் ஊசியை மேலே எடுங்கள். நூலை இடது கட்டைவிரலால் வளையமாக அமுக்கிக்கொண்டு, எடுத்த இடத்தை ஒட்டி ஊசியை இறக்கி, இதழ் நுனிப் புள்ளியில் மேலே கொண்டுவாருங்கள். நூல் ஊசி முனைக்கு அடியில் இருக்க வேண்டும். இப்போது நூலை இதழ் நுனிப் பக்கமாக, துணியை ஒட்டியே மெதுவாக இழுங்கள். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் இதழ் குச்சியாகிவிடும். வளையம் துணியில் படிந்ததும் கையை நிறுத்தி, அதற்கு வெளியே ஒரு குட்டித் தையல் போட்டு அடக்குங்கள். நித்தியகல்யாணி இதழ் கொஞ்சம் அகலமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நேர்த்தையல் ஒன்று போட்டால் நிறைந்துவிடும். நடுவில் கருஞ்சிவப்பில் ஒரு பிரெஞ்ச் நாட், அதாவது ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் முடிச்சு.

அம்பத்தூர்: என்னென்ன வாங்க வேண்டும்? டி.நகர் வரை வரணுமா மேடம்?

வேண்டாம். டெய்லரிங் சாமான் விற்கும் கடை எந்த ஏரியாவிலும் இருக்கும். வெள்ளை அல்லது ஹாஃப் ஒயிட் காட்டன் பாப்ளின் அரை மீட்டர் போதும். தைப்பதற்கு முன்பே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் பூவைச் சுற்றி அலை அலையாக நிற்கும். துணியை இழுத்துப் பிடிக்க 6 அங்குல வளைய ஃப்ரேம் ஒன்று. ஊசி 7, 8, 9 நம்பர். நம்பர் கூடக்கூட ஊசி மெலிசு. நூல் ஆங்கர் பிராண்ட் காட்டன் ஸ்ட்ராண்டட். ஒரு கண்டு 8 மீட்டர், 6 இழை. பூவுக்கு இரண்டு இழை எடுத்தால் போதும்.

நூறு கலர் டப்பாவில் காசைப் போடாதீர்கள். இரண்டு பச்சை, இரண்டு ரோஸ், ஒரு கருஞ்சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை. ஆரி வேலைக்கு விற்கும் பளபள சில்க் நூல் வழுக்கும், பிரிந்து பிரிந்து வரும். பழகும்போது அது தலைவலி.

பெரம்பூர்: பிரெஞ்ச் நாட் போட்டாலே முடிச்சு துணிக்குப் பின்னால் போய்விடுகிறது. என்ன தப்பு?

ஏறிய ஓட்டையிலேயே இறங்குகிறீர்கள். அங்கே முடிச்சைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. ஏறிய இடத்திலிருந்து துணியின் ஒன்றிரண்டு இழை தள்ளி இறக்குங்கள். அந்த இழைதான் முடிச்சைத் தாங்கும்.

இன்னொன்று, ஊசியை இறக்கும்போது இடது கை நூலை விட்டுவிடக் கூடாது. இரண்டு சுற்று சுற்றி, முனையைப் பாதி குத்திவிட்டு, நூலை இழுத்துப் பிடித்துச் சுற்றைத் துணி வரை இறக்குங்கள். முடிச்சு துணியில் உட்கார்ந்த பிறகே ஊசியை முழுதாக இழுக்க வேண்டும். அதற்காகச் சுற்றை இறுக்கிவிடாதீர்கள், ஊசி நடுவில் சிக்கிக்கொள்ளும். முடிச்சு பெரிதாக வேண்டுமா? இழையைக் கூட்டுங்கள். சுற்றைக் கூட்டினால் முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும்.

தாம்பரம்: நூல் முறுக்கிக்கொண்டே சிக்கு விழுகிறது. துணியும் சுருங்குகிறது.

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். ஆறு இழையிலிருந்து இரண்டை ஒன்றாகப் பிடுங்காமல், ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்து, பிறகு சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். பாதி சிக்கு அதிலேயே போய்விடும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஃப்ரேமைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்கு தானாகப் பிரியும்.

துணி சுருங்குவதற்கு ஃப்ரேம் தொய்வுதான் பெரும்பாலும் காரணம். விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் பின்பக்கமாக நூலை நீளமாக இழுத்துக்கொண்டு போவதும் துணியைச் சுருக்கும். 1 செ.மீ. தாண்டினால் முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் ஃப்ரேமைக் கழற்றி வையுங்கள். நம்மூர் வியர்வையும் புழுக்கமும் சேர்ந்து வளையத் தடம் பழுப்பாகப் படிந்துவிடும். துணியில் குத்தி வைத்த ஊசியும் துரு பிடிக்கும், அந்தக் கறை லேசில் போகாது.

வேளச்சேரி: மல்லி மொட்டு, இட்லிப்பூ, கனகாம்பரம் இதற்கெல்லாம் எந்தத் தையல்?

மல்லி மொட்டுக்கு வெள்ளை லேசி டெய்சி ஒன்று, உள்ளே ஒரு நேர்த்தையல். அதன் அடியைப் பச்சை ஃப்ளை தையலால் (ஆங்கில Y வடிவத் தையல்) தாங்கிப் பிடியுங்கள். அந்தத் தையலின் வால் நீளமாக விட்டால் அதுவே காம்பு. வெள்ளைத் துணியில் மல்லி தெரியாது. கிளிப்பச்சையோ மாந்தளிர் நிறமோ எடுங்கள்.

இட்லிப்பூ கொத்துக்கு நான்கு இதழ் கணக்கு முக்கியம். ஐந்து போட்டால் அது வேறு பூ. ஒவ்வொரு பூவுக்கும் 4 மி.மீ. நேர்த்தையல் நான்கு, நடுவில் ஒற்றை இழையில் மஞ்சள் புள்ளி. கொத்தின் ஓரத்தில் ஆரம்பித்து உள்நோக்கி வாருங்கள். இடைவெளி தெரிந்தால் அடர்சிவப்பில் சும்மா குட்டித் தையல்களைத் தூவுங்கள், மொட்டுபோல இருக்கும்.

கனகாம்பரம் ஒரு பக்கமாக விசிறிபோல விரியும் பூ. சுற்றி வட்டமாக இதழ் போட்டால் அடையாளமே போய்விடும். ஒரே புள்ளியிலிருந்து பாதி விசிறியாக ஐந்து நேர்த்தையல். எப்போதும் வெளிநுனியில் ஏறி, நடுப்புள்ளியில் இறங்குங்கள். மாற்றிச் செய்தால் நடு ஓட்டை பெரிதாகி, இழைகளும் மேலே பிய்ந்து வரும்.

காம்புக்கு, கயிறு முறுக்கியதுபோல வரும் ஸ்டெம் தையல். நேரான இடத்தில் 3 மி.மீ., வளைவில் 2 மி.மீ. நூலை எப்போதும் கோட்டின் ஒரே பக்கம் ஒதுக்குங்கள். பக்கம் மாறினால் கயிறு முறுக்கு கலைந்து மேடு பள்ளமாகும்.

அண்ணா நகர்: ரோஜா போட முடிச்சுகளைத் தவிர வேறு சுலப வழி உண்டா?

நெசவு ரோஜா. வட்டத்துக்குள் நடுவிலிருந்து விளிம்பு வரை ஐந்து ஆரம் (சக்கர ஆரக்கால்போல நேர்த்தையல்) போட்டு, அவற்றில் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகச் சுற்றிச் சுற்றி வாருங்கள். ஆரம் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். இரட்டைப்படை என்றால் இரண்டாவது சுற்றிலும் அதே ஆரத்தின் மேலேயே நூல் போகும், பின்னல் விழாது. ஆரத்துக்கு இரண்டு இழை, சுற்றுக்கு ஆறு இழை. ஊசியைக் காதுப் பக்கமாகத் திருப்பி நுழைத்தால் துணியில் குத்தாது. நடுவில் அடர் ரோஸ், வெளியே வெளிர். ஆரம் மறையும்வரை சுற்றுங்கள்.

குரோம்பேட்டை: சிவப்பு நூல் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. டிசைன் வரைந்த நீலப் பேனாவும் போகவில்லை!

நூல் சாயம் என்றால் துணியைக் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடு என்றால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி அமுக்குங்கள்.

தண்ணீரில் போகும் பேனா போகவில்லை என்றால், அலசுவதற்கு முன்பே இஸ்திரி போட்டிருப்பீர்கள். சூடு பட்டால் அந்த மை பிடித்துக்கொள்ளும். முதலில் அலசல், அப்புறம்தான் இஸ்திரி. அதுவும் கனமான டர்க்கி டவல் மேல் பூவைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக. முன்பக்கம் தேய்த்தால் பிரெஞ்ச் நாட் எல்லாம் நசுங்கிவிடும்.